பனிக்கால நிறுத்தத்தில் ஒரு கேம்பர் வேனும் மூன்று பேட்டரிகளும்

பேட்டரியோடு வந்த கையேடு, குளிர்காலப் பராமரிப்பை நவம்பருக்குள் முடித்துவிட வேண்டும் என்று அறிவுறுத்தியிருந்தது. ஜோகன்னஸ்பர்குக்குக் கிழக்கே பெனோனியில் வசிக்கும் எனக்கு நவம்பர் என்பது ஆலங்கட்டி மழைக்கு அஞ்சி வண்டியைக் கூரைக்கடியில் தள்ளும் மாதம். இங்கே குளிர் மே இறுதியில் தலைகாட்டி, ஜூனிலும் ஜூலையிலும் உறைபனியாகப் புல்லின் மேல் படிந்து, ஆகஸ்டின் புழுதிக் காற்றோடு விடைபெறும். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த மேட்டுநிலத்தில் குளிர்காலம் வறண்டது. பகல் முழுவதும் மேகமில்லாத வெயில் அடிக்கும், இரவில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். கையேடு எழுதப்பட்டதோ ஈரமும் இருட்டும் நிறைந்த ஐரோப்பியக் குளிருக்காக. மாதத்தை மட்டும் ஆறு மாதம் தள்ளிப் படித்தால் போதும் என்று நான் எண்ணியதுதான் என் முதல் பிழை. வெயிலும் உறைகுளிரும் ஒரே காலைப்பொழுதில் சேர்ந்து வரும் ஊருக்குக் கணக்கே வேறு என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு நல்ல பேட்டரியும் நான்கு குளிர்காலங்களும் செலவாயின.

எங்கள் வண்டி பழைய வோக்ஸ்வாகன் மைக்ரோபஸ். ஜெர்மனியில் நிறுத்தப்பட்ட பிறகும், இன்று கரியேகா என்று பெயர் மாறியிருக்கும் யுட்டன்ஹேக் ஆலையில் 2002 வரை தயாரான அந்தச் சதுர வடிவ வகை. அதில் இரண்டு பேட்டரிகள் இருந்தன. ஒன்று எஞ்சினைக் கிளப்புவதற்கு. மற்றொன்று விளக்கு, சிறு குளிர்பெட்டி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கான 105 ஆம்பியர்-மணி டீப் சைக்கிள் (மெல்ல, நெடுநேரம் மின்சாரம் தரும்) ஈய-அமில பேட்டரி. இந்த இரண்டாவதை நாங்கள் பின் பேட்டரி என்று அழைப்பது வழக்கம். வண்டியை ஓட்டும்போது பின் பேட்டரிக்கும் மின்சாரம் போக வழிசெய்யும் ரிலேயை முந்தைய உரிமையாளர் எப்போதோ கழற்றிவிட்டிருந்தார். எனவே அதற்கு உயிர் கொடுப்பவை கூரையின் மேலிருந்த 100 வாட் சோலார் பலகையும், வீட்டில் நிறுத்தும்போது இணைக்கும் சார்ஜரும்தான்.

2020 மார்ச் 27 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. டர்பன் பயணம் முடித்துத் திரும்பியிருந்த வண்டியைக் கூரைக்கடியில் விட்டு, மேலே ஒரு துணி உறையையும் போர்த்தி, இனிமேல் இதைப் பற்றிக் கவலையில்லை என்று வீட்டுக்குள் போனேன். மாகாண எல்லை தாண்டிச் சுற்றுலா போகலாம் என்ற அனுமதி ஆகஸ்ட் 18 அன்றுதான் வந்தது. அன்று மாலை உறையை நீக்கி விளக்கைப் போட்டால் எரியவில்லை. மல்டிமீட்டரில் பின் பேட்டரி 9 வோல்ட்டுக்கும் கீழே காட்டியது. குளிரில் செத்துப்போயிற்று என்றுதான் நான் நினைத்தேன், வீட்டிலும் அப்படியே சொன்னேன்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியவர், நாற்பது ஆண்டுகள் வண்டி மின்சார வேலை செய்து ஓய்வுபெற்றவர், அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தமிழ் அவருக்குக் கோவிலிலும் சமையலறையிலும் மிச்சமிருக்கும் மொழி. நான் அவரை மாமா என்பேன். "குளிர் என்ன பண்ணும் தம்பி? பசியோட தூங்க வெச்சிருக்க, அதான்" என்று சொல்லிவிட்டு, பேட்டரியின் எதிர்முனை (மைனஸ்) கம்பியைக் கழற்றி, இடையில் மீட்டரை மில்லியாம்பியர் அளவில் வைத்துக் காட்டினார். வண்டியில் எதுவும் ஓடவில்லை, ஆனாலும் 30 மில்லியாம்பியர் போய்க்கொண்டிருந்தது. ரேடியோவின் நினைவகம், குளிர்பெட்டியின் காத்திருப்பு விளக்கு, யுஎஸ்பி சாக்கெட்டில் நீலமாக ஒளிரும் வோல்ட் எண்கள் என்று ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தபோது மீட்டர் இறங்கி இறங்கி பூஜ்ஜியத்துக்கு வந்தது. அந்த நீல எண்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. பேட்டரியின் நலத்தைச் சொல்வதற்காக நான் வாங்கி மாட்டிய கருவி, இராப்பகலாக அதையே தின்றுகொண்டிருந்திருக்கிறது.

கணக்கு எளியது. 30 மில்லியாம்பியர் என்பது ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. மார்ச் 27 முதல் ஆகஸ்ட் 18 வரை 144 நாட்கள். பெருக்கினால் ஏறத்தாழ 104. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 105. அதற்கு மேல் ஈய-அமில பேட்டரி சும்மா இருந்தாலே மாதத்துக்குச் சில விழுக்காடு தானாகக் குறையும். கூரையும் துணி உறையும் சோலார் பலகையை மறைத்திருந்ததால் வரவு என்று எதுவும் இல்லை. குளிரோ உண்மையில் உதவிதான் செய்திருக்கிறது, ஏனென்றால் தானாகக் குறையும் வேகம் வெப்பநிலை 10 பாகை ஏறினால் ஏறத்தாழ இருமடங்காகும், இறங்கினால் அதேபோல் பாதியாகும். முழுதாக ஏற்றி, கம்பியைக் கழற்றி வைத்த ஈய பேட்டரிக்குக் குளிர்ந்த கொட்டகையைப்போல நல்ல இடம் வேறில்லை.

பேட்டரி இறங்கும்போது தட்டுகளின் மேல் ஈய சல்ஃபேட் படிகிறது. உடனே திரும்ப ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டுவைத்தால் சின்னஞ்சிறு படிகங்கள் பெரிதாகிக் கெட்டித்துப்போய், சார்ஜர் என்ன செய்தாலும் கரையாத நிலைக்கு வந்துவிடும். மாமா இரண்டு நாட்கள் மெல்ல ஏற்றிப் பார்த்தார். வோல்ட் வேகமாக ஏறி, மறுநாள் 12.5 என்று நம்பிக்கையூட்டும் எண்ணைக்கூடக் காட்டியது. ஆனால் இரண்டு முகப்பு விளக்குகளை இணைத்தபோது அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இப்படிப்பட்ட பேட்டரிக்கு எப்சம் உப்பு போடு, அதிர்வு சார்ஜர் போடு என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. நான் உப்பையும் போட்டுப் பார்த்தேன், ஒரு வாரம் வீணாயிற்று. பழையதைக் கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள் என்பது ஒன்றே அதனால் கிடைத்த பயன்.

எஞ்சின் பேட்டரியின் கதை சற்று வேறு. ஊரடங்கின்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதைப் பராமரிப்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டர் தருவது குறைவு. அதிலும் ஈய பேட்டரி கடைசி இருபது விழுக்காட்டை வாங்கிக்கொள்ள மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கே அந்தப் பத்து நிமிடம் சரியாகப் போயிற்று. காப்பீட்டுக்காகப் பொருத்திய கண்காணிப்புக் கருவியும் திருட்டு அலாரமும் இடைப்பட்ட நாட்களில் குடித்தது குடித்ததுதான். அந்த பேட்டரி சாகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலைப் பொழுதிலும் முனகித்தான் எஞ்சினைச் சுற்றியது. வண்டியை ஓட்டுவதானால் ஒரு மணி நேரம் சாலையில் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் கிளப்பவே வேண்டாம் என்பது இப்போது என் கட்சி.

அடுத்த ஆண்டு புதிய ஈய பேட்டரிக்கு மாமா சொன்ன முறையையே கடைப்பிடித்தேன். மே மாதத்தில் இரவு முழுவதும் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றினேன். ஏற்றி முடித்த உடனே மீட்டரை வைத்தால் மேற்பரப்பில் தங்கியிருக்கும் மின்னழுத்தம் பொய் சொல்லும். ஆகவே பன்னிரண்டு மணி நேரமாவது ஓய்வு கொடுத்துவிட்டு அளக்க வேண்டும். திரவ அமிலம் உள்ள பேட்டரி 12.6 முதல் 12.7 வோல்ட் வரை காட்டினால் நிறைந்திருக்கிறது என்று பொருள். 12.1 அல்லது 12.2 என்றால் பாதிதான். 12.4க்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் சல்ஃபேட் கெட்டியாவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. அமிலம் கண்ணாடி இழை விரிப்பில் ஊறியிருக்கும் ஏஜிஎம் வகை சற்று மேலே, நிறைந்திருக்கும்போது 12.8க்கு மேல் நிற்கும். மூடி திறக்கும் பேட்டரியானால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை நம்பலாம். ஆறு அறைகளும் 1.265க்கு மேல், ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு இல்லாமல் இருக்க வேண்டும். ஒரே ஓர் அறை மட்டும் பின்தங்கினால், அந்த பேட்டரி எத்தனை வோல்ட் காட்டினாலும் நான் அதை நம்பிப் பயணம் போவதில்லை.

தண்ணீர் விடுவதில் ஒரு வரிசை இருக்கிறது. தட்டுகள் வெளியே தெரிந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்குச் சிறிது விட்டு, ஏற்றி முடித்த பிறகு உரிய மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். முதலிலேயே நிரப்பிவிட்டால் ஏறும்போது அமிலம் பொங்கி வழியும். காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் விடக் கூடாது. குழாய்த் தண்ணீரின் உப்புகள் உள்ளே போனால் திரும்ப வெளியே வரா. முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உலரவிட்டு, மெல்லியதாக வாஸ்லீன் தடவினேன். பேட்டரியின் மேல்பரப்பில் படியும் அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் இரு முனைகளுக்கும் இடையில் மெல்லிய மின்பாதையாகிவிடும் என்பதால் அதையும் துடைத்தேன்.

கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது எதிர்முனை கடைசியில். இது சடங்கு அன்று. வண்டியின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. நேர்முனையை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் அருகிலுள்ள தகட்டைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். மாமாவின் இடது கை மோதிர விரலில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது. அன்றிலிருந்து அவர் மோதிரமே அணிவதில்லை. சோலார் உள்ள வண்டியில் இன்னொரு முன்னெச்சரிக்கையும் தேவை: பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் பலகையின் கம்பியைக் கழற்றியாக வேண்டும். வெயிலில் பலகை இணைந்திருக்க, பேட்டரி மட்டும் இல்லாமல் போனால், இரண்டுக்கும் நடுவில் இருந்து ஏற்றத்தைச் சீராக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளில் சில பழுதாகிவிடும்.

கழற்றிய பேட்டரியைக் காரேஜின் சிமெண்ட் தரையில் வைத்தபோது, பார்த்தவர் எல்லாரும் பலகை போட்டு வை, சிமெண்ட் மின்சாரத்தை உறிஞ்சிவிடும் என்றார்கள். மரப்பெட்டியும் கெட்டி ரப்பர் பெட்டியும் இருந்த காலத்துப் பேச்சு அது. இன்றைய பாலிப்ரொப்பிலீன் பெட்டியிலிருந்து எதுவும் கசியாது. ஆனாலும் நான் பலகை போட்டேன், மாமாவின் மனைவி சொன்னதை மறுத்துப் பேச முடியாததால். அதைவிடப் பெரிய விஷயம் காற்று. இங்கே வீடுகளில் மைய வெப்பமூட்டி கிடையாது. குளிர்ந்தால் எல்லாச் சன்னலையும் அடைத்து கேஸ் ஹீட்டரைப் பற்ற வைப்போம். ஏறிக்கொண்டிருக்கும் ஈய பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும். அது காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும் தன்மை கொண்டது. ஒரே அறையில் சார்ஜரும் ஹீட்டரும் இருக்கவே கூடாது. காரேஜ் கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு, குளிரை நான் பொறுத்துக்கொண்டேன்.

சார்ஜரை நிரந்தரமாக இணைத்து வைக்கலாமா என்று கேட்டால், அது எந்தச் சார்ஜர் என்பதைப் பொறுத்தது. மாமாவின் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் இரைந்துகொண்டே அமிலத்தைக் கொதிக்கவிடும். அதை நான்கு மணி நேரத்துக்கு மேல் யாரும் கவனிக்காமல் விடக் கூடாது. படிப்படியாக ஏற்றி, நிறைந்ததும் 13.5 வோல்ட்டை ஒட்டிய மிதவை நிலைக்குத் தானே இறங்கும் சார்ஜரைப் பல வாரங்கள் விட்டுவைக்கலாம். அதில் வெப்ப உணரி இருப்பது நல்லது, ஏனென்றால் குளிர்ந்த ஈய பேட்டரியை நிறைக்கக் கூடுதல் அழுத்தம் வேண்டும். ஒரு பாகைக்கு 0.02 முதல் 0.03 வோல்ட் என்று வைத்தால், 25 பாகையில் 14.4 போதுமான பேட்டரிக்கு 5 பாகைக் காலையில் ஏறத்தாழ அரை வோல்ட் அதிகம் தேவைப்படும். இதை அறியாமல் குளிரில் ஏற்றிய பேட்டரி, நிறைந்ததாகத் தோன்றி நிறையாமலே இருக்கும்.

நல்ல சார்ஜரும் என்னை ஒரு முறை ஏமாற்றியது. 2022 குளிர்காலத்தில் லோட் ஷெடிங் அட்டவணையைப் பார்த்தே சோறு பொங்கிய நாட்களில், மின்சாரம் ஒரு நாளில் பல முறை போய்வந்தது. அந்தச் சார்ஜரோ, மின்சாரம் திரும்பியதும் தானே தொடங்காமல், யாராவது பொத்தானை அழுத்தட்டும் என்று காத்திருக்கும் வகை. மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் சிறு விளக்கு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது, பேட்டரி 12.3இல் நின்றது. நல்ல வேளையாக அதற்கு மேல் இறங்கவில்லை. இப்போது சார்ஜர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கடையிலேயே அதைச் சுவரிலிருந்து பிடுங்கி மறுபடி சொருகி, விட்ட இடத்திலிருந்து தானே தொடங்குகிறதா என்று பாருங்கள் என்பதைத்தான்.

ஈய பேட்டரி உறைந்து உடைவதைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை, கண்ணால் பார்த்தது உண்டு. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இருக்கும் நண்பர் ஒருவர், டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் அண்டர்பர்கை ஒட்டிய ஒரு பண்ணையில் தன் கேரவனை ஆண்டு முழுவதும் நிறுத்தியிருக்கிறார். உள்ளே ஒரு சின்ன விளக்கை அணைக்க மறந்துவிட்டு வந்தார். ஆகஸ்டில் நாங்கள் சேர்ந்து போனபோது பேட்டரியின் பக்கச் சுவர் வயிறு உப்பியதுபோல் புடைத்து, அடியில் விரிசல் கண்டிருந்தது. நிறைந்த பேட்டரியின் அமிலம் உறைய வேண்டுமானால் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐம்பது பாகைக்கும் மேல் இறங்க வேண்டும், ஆப்பிரிக்காவில் எங்கும் அந்தக் குளிர் கிடையாது. முழுதாக இறங்கிவிட்ட பேட்டரியில் இருப்பதோ பெரும்பாலும் தண்ணீர். அது பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏழெட்டு பாகையிலேயே உறைந்துவிடும். அந்த மலைச்சாரலில் அது நடக்கக்கூடிய குளிர். உறைந்த பேட்டரியை எக்காரணம் கொண்டும் சார்ஜரில் இணைக்கக் கூடாது என்று சொல்லி, நண்பரின் கையிலிருந்த கம்பியை வாங்கி வைத்ததுதான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம்.

2023இல் பின் பேட்டரியை மாற்றினேன். மின்வெட்டுக்குப் பயந்து வீடுதோறும் லித்தியம் பேட்டரி வந்துகொண்டிருந்த ஆண்டு அது. நானும் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றை வாங்கினேன். எடை பழையதில் பாதிகூட இல்லை. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "தண்ணி ஊத்த முடியாத பாட்ரி என்ன பாட்ரி?" என்றார். நானோ ஈய பேட்டரியிடம் அடிபட்டுக் கற்ற பாடங்களையெல்லாம் அப்படியே இதற்கும் பொருத்தினேன்: முழுதாக ஏற்று, சார்ஜரில் போட்டு வை, வெயிலில் நிறுத்து. அவற்றில் முதல் இரண்டும் தவறு, மூன்றாவது பாதி தவறு.

ஜூலை மாதத்தில் ஒரு காலை, வண்டிக்குள்ளிருந்த வெப்பமானி பூஜ்ஜியத்துக்குக் கீழே மூன்று பாகை காட்டியது. அன்று பிரிட்டோரியாவில் இருக்கும் மரபாஸ்டாட் மாரியம்மன் கோவிலுக்குப் போக வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் ஆடி என்றால் காற்றும் புழுதியும். இங்கே ஆடிக் கூழ் ஊற்றும் ஞாயிறுகள் நடுக்குளிரில் விழும், அண்டாவைச் சுற்றி நிற்பவர்கள் அடுப்பை விட்டு நகர மாட்டார்கள். ஆறு மணிக்கு எழுந்து சார்ஜரை இணைத்தேன், லித்தியம் பேட்டரி ஓர் ஆம்பியரைக்கூட வாங்கவில்லை. முந்தைய மாதம் வாங்கிய பொருள் அதற்குள் பழுதாகிவிட்டதே என்று கடைக்குத் தொலைபேசியில் கோபமாகச் செய்தி விட்டேன். பதினொரு மணிக்கு, கோவில் வாசலில் வெயிலில் நின்ற வண்டியில், அதே பேட்டரி எந்தத் தகராறும் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. கடைக்காரருக்கு மன்னிப்புச் செய்தி அனுப்ப எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

பேட்டரிக்குள் இருந்த மேலாண்மைச் சுற்று தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் மின்சாரம் தரும், ஆனால் அந்தக் குளிரில் ஏற்றினால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் புகுவதற்குப் பதிலாக அதன் மேல் உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்தது திரும்பிக் கரையாது. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும் அபாயமும் உண்டு. என்னுடையதில் குறைவெப்பத் துண்டிப்பு இருந்ததால் தப்பித்தேன். விலை மலிந்த பல பேட்டரிகளில் அது கிடையாது என்பதை வாங்குபவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த இடத்தில்தான் மேட்டுநிலத்தின் தனிக் கணக்கு வருகிறது. ஜூன் மாதத்தில் இங்கே ஏழு மணிக்குச் சற்று முன் சூரியன் உதிக்கும். மேகமில்லாத வானம்; எட்டு மணிக்கெல்லாம் சோலார் பலகை ஆம்பியர் கணக்கில் தள்ளத் தொடங்கிவிடும். இரவு முழுவதும் குளிரில் ஊறிய பேட்டரியோ பத்து, பன்னிரண்டு கிலோ கனத்தோடு இருக்கையின் அடியில், வெயில் படாத இடத்தில் கிடக்கிறது; அது பூஜ்ஜியத்தைத் தாண்ட மேலும் ஓரிரு மணி நேரம் ஆகும். இருண்ட குளிர்காலம் உள்ள நாட்டுக்காரருக்கு இந்த இடைவெளி பெரிதாகத் தோன்றாது, குளிர் இருக்கும் நேரத்தில் அங்கே வெயில் இருப்பதில்லை. நமக்கு அது ஒவ்வொரு காலையும் நேர்கிறது. நான் செய்தது மூன்று: கட்டுப்பாட்டுக் கருவியின் வெப்ப உணரியைப் பேட்டரியின் உடலோடு ஒட்டினேன், 5 பாகைக்குக் கீழே ஏற்ற வேண்டாம் என்று அமைத்தேன், பேட்டரியைத் தெர்மோகோல் வைத்த பெட்டிக்குள் இறக்கினேன்.

அமைப்பைத் திறந்து பார்த்தபோதுதான் இன்னொரு பூதமும் வெளிப்பட்டது. கருவி இன்னும் ஈய பேட்டரிக்கான நிலையிலேயே இருந்தது. மாதத்துக்கு ஒரு முறை அறைகளையெல்லாம் சமன்படுத்துகிறேன் என்று 15 வோல்ட்டுக்குப் பக்கத்தில் தள்ளும், குளிர்ந்தால் அழுத்தத்தை இன்னும் கூட்டும். ஈயத்துக்கு மருந்தாக இருந்த இரண்டுமே லித்தியத்துக்கு ஆகாதவை. பேட்டரியை மாற்றியவர்கள் கருவியின் அமைப்பையும் அதே நாளில் மாற்ற வேண்டும், 14.2 முதல் 14.4 வரை போதும், வெப்பத் திருத்தமும் சமன்படுத்தலும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

நிறுத்தி வைக்கும்போது லித்தியத்துக்கு வயிறு நிறைந்திருக்கக் கூடாது. பாதி, அல்லது அதற்குச் சற்று மேல் இருந்தால் போதும். நிரம்பிய நிலையில் மாதக்கணக்காக மிதவையில் வைத்தால் அதன் ஆயுள் குறையும். பாதி என்பதை வோல்ட்டைக் கொண்டு அறிய முயல்வது வீண், ஏனென்றால் நாற்பது விழுக்காட்டிலிருந்து தொண்ணூறு வரை அது 13.1, 13.3 என்று ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். வந்ததையும் போனதையும் கணக்கிடும் ஷன்ட் மீட்டர் வேண்டும்; அது இல்லாதவர்கள் முழுதாக ஏற்றிவிட்டு, தெரிந்த அளவு சுமையைத் தெரிந்த நேரம் ஓட்டி இறக்கலாம். நான் 4 ஆம்பியர் இழுக்கும் குளிர்பெட்டியைப் பத்து மணி நேரம் இடைவிடாமல் ஓடவிட்டு அறுபதில் நிறுத்துகிறேன். பிறகு கம்பியைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கும் மேலாண்மைச் சுற்றும் புளூடூத்தும் சில மில்லியாம்பியர் குடித்துக்கொண்டுதான் இருக்கும். 10 மில்லியாம்பியர் என்றாலே மாதத்துக்கு 7 ஆம்பியர்-மணி. ஆகவே காலியாக நிறுத்தியவர்கள் அதோகதி. சுற்று தன்னை அணைத்துக்கொண்ட பிறகும் அறைகள் மெல்ல இறங்கி, மீட்க முடியாத ஆழத்துக்குப் போய்விடும்.

எஞ்சின் பேட்டரி இன்னும் ஈயம்தான், பின் பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கும்போது கூரைப் பலகையின் வெயில் அதற்குத்தான். ஆலங்கட்டிக் காலம் ஏப்ரலோடு ஓய்ந்துவிடுவதால், மே முதல் வண்டியைக் கூரைக்கு வெளியே நிறுத்துகிறேன். நடுக்குளிரில் நண்பகல் சூரியன் இங்கே வடக்கில் நாற்பது பாகை உயரத்தில்தான் நிற்கும்; கூரையில் படுத்திருக்கும் பலகைக்கு அந்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெயில்தான் விழுகிறது. அது போதும், மிஞ்சவும் மிஞ்சும். கண்காணிப்புக் கருவியும் அலாரமும் கேட்பது ஒரு நாளைக்கு ஓர் ஆம்பியர்-மணிகூட இல்லை. தொந்தரவு தூசியால்தான். ஐந்து மாதம் மழை இல்லை, சுற்றிலும் புல்வெளிகளை எரிக்கும் காலம். சாம்பலும் செம்மண்ணும் பலகையின் மேல் ஒரு போர்வையாகப் படிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வெயில் ஏறிய பிறகு, ஈரத்துணியால் துடைக்கிறேன். விடியற்காலையில் தண்ணீர் ஊற்றப்போனால் அது கண்ணாடி மேல் பனிக்கட்டியாகிவிடும். அதையும் செய்து பார்த்திருக்கிறேன்.

டர்பனில் இருப்பவர்கள் இதில் பாதியை மறந்துவிடலாம். அங்கே உறைபனி இல்லை. கடற்கரையின் ஈரமும் உப்பும் முனைகளை அரிப்பதும், மிதமான வெப்பத்தில் பேட்டரி வேகமாகத் தானே இறங்குவதும்தான் கவலை. கேப் டவுனில் குளிர்காலமே மழைக்காலம் என்பதால் கூரைப் பலகையை மட்டும் நம்ப முடியாது.

தேதிகளை நினைவில் வைக்க நான் தமிழ் மாதங்களையே பிடித்துக்கொண்டேன். சித்திரைக் கடைசியில் அளந்து நிறுத்துவது, ஆடிக் கூழுக்கு முன் ஒரு முறை பார்ப்பது, புரட்டாசி முதல் சனிக்கிழமைக்குள் எழுப்புவது. கம்பி இணைந்திருக்கும் ஈய பேட்டரிக்கு இது போதாது, அதை மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். எழுப்பும்போது எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், ஓர் இரவு சுமை கொடுத்துக் காலையில் அளப்பது என் வழக்கம். புரட்டாசியிலும் அவசரப்படக் கூடாது என்பதை 2024 காட்டியது. அந்த ஆண்டு செப்டம்பர் 20, 21 தேதிகளில் பெய்த பெரும்பனியால் வான் ரீனன் கணவாய்ப் பக்கத்தில் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டு, டர்பன் போகும் வழியில் ஏராளமான வண்டிகள் இரவெல்லாம் சாலையிலேயே நின்றன. நான் அதற்கு முந்தைய வாரம்தான் தெர்மோகோல் பெட்டியைக் கழற்றி மாடத்தில் ஏற்றியிருந்தேன். இரவு பதினொரு மணிக்கு ஏணி வைத்து அதை மறுபடி இறக்கினேன். இப்போது அக்டோபர் வரை அதைத் தொடுவதில்லை.

மாமாவின் யோசனைப்படி ஒவ்வொரு பேட்டரியின் மேலும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அளந்த தேதியையும் எண்ணையும் பென்சிலால் எழுதிவருகிறேன். லித்தியத்தின் மேல் எழுதுவதற்கு அதிகம் இருப்பதில்லை. ஈய பேட்டரியின் டேப்பில் கடைசியாக இருக்கும் வரி அவருடைய கையெழுத்து. நான் ஊரில் இல்லாத வாரம் வந்து பார்த்துவிட்டு, 12.6 என்று எழுதி, பக்கத்தில் தமிழில் "சாப்ட்டாச்சு" என்றும் சேர்த்திருக்கிறார்.